கார்பன் ஃபைபரில் பம்பை, தவில், வீணை: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஃபைபர் பட்டறையில் வேலை செய்கிறேன். தொட்டி, குழாய், மூடி என்று தொழிற்சாலைகளுக்குத் தேவையானதைக் கிளாஸ் ஃபைபரில் வார்ப்போம். எப்போதாவது கார்பன் ஃபைபர் வேலையும் வரும். மிருதங்கம் வாசிப்பேன், கூத்துக்கும் போவதுண்டு. அதனால் வாத்தியக்காரர்கள், பாட்டு கற்கும் பிள்ளைகளின் பெற்றோர், பொறியியல் மாணவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: மரத்துக்குப் பதிலாகக் கார்பன் ஃபைபரில் நம் வாத்தியங்களைச் செய்தால் எப்படி இருக்கும்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடாற்காட்டில் இதைத் தொடங்க வேண்டியது பம்பையிலும் தவிலிலும். சித்திரை, வைகாசி வெயிலில் இடுப்பிலும் தோளிலும் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்து வாசிப்பவர்களுக்குத்தான் இந்தப் பொருள் முதலில் போய்ச் சேர வேண்டும். சபா மேடை வீணை அப்புறம் வரட்டும்.

கார்பன் ஃபைபர் என்றால் சரியாக என்ன?

கரியாலான நூல். ஓர் இழையின் தடிமன் 5 முதல் 10 மைக்ரான் வரை. தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற செயற்கை நூலை முதலில் 200, 300 டிகிரியில் பக்குவப்படுத்தி, பிறகு ஆக்சிஜன் படாமல் 1000 டிகிரிக்கு மேல் சுட்டால் மற்றதெல்லாம் போய்க் கரி மட்டும் நூல் வடிவிலேயே நிற்கும். கரி இழை புதிதல்ல. எடிசன் 1879-இல் தன் மின்விளக்குக்குள் வைத்தது அதைத்தான். இன்று பெருமளவில் புழங்குவதற்கு வழி செய்தது, 1960-ஐ ஒட்டி ஜப்பானில் அகியோ ஷிண்டோ இந்தச் செயற்கை நூலிலிருந்து இழை எடுத்த முறை.

இழையை மட்டும் வைத்து எதுவும் செய்ய முடியாது. துணியாக நெய்து, எபாக்சி ரெசின் என்ற இறுகும் பசையில் நனைத்து, அச்சில் அடுக்கி இறுக விட வேண்டும். இறுகிய பலகை, இழை ஓடும் திசையில் சுமார் 130 ஜிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு) விறைப்பு காட்டும். குறுக்கே பார்த்தால் 10-ஐ ஒட்டித்தான். மரமும் இப்படித்தான். வயலின் முகப்புக்குப் போடும் ஸ்புரூஸ் மரம் நார் ஓட்டத்தில் 10-ஐ ஒட்டியும் குறுக்கே 1-க்குக் கீழும் இருக்கும். அதாவது இரண்டுக்கும் குணம் ஒன்று, அளவுதான் வேறு. மரத்தில் நாரின் திசை மரம் வளர்ந்தபடி. கார்பனில் எந்த அடுக்கு எந்தக் கோணத்தில் படுக்க வேண்டும் என்பதைச் செய்பவர் தீர்மானிக்கிறார். வாத்தியம் செய்பவருக்கு இந்தப் பொருளில் எனக்குத் தெரிந்த பெரிய லாபம் இதுதான்.

கடைகளில் விற்கும் ஃபைபர் மிருதங்கமும் இதுவும் ஒன்றா?

இல்லை. அவை கிளாஸ் ஃபைபர், அதாவது கண்ணாடி இழை. விலை குறைவு, நன்றாக உழைக்கும். ஆனால் அதன் விறைப்பு கார்பனில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழ், எடையும் கூடுதல். ஃபைபர் மிருதங்கத்தின் நாதம் பிடிக்காமல் போனவர்கள் அந்த அனுபவத்தை வைத்துக் கார்பனையும் ஒதுக்கிவிட வேண்டாம்.

உலகத்தில் யாராவது செய்திருக்கிறார்களா, இல்லை எல்லாம் கற்பனைதானா?

மேற்கத்திய வாத்தியங்களில் இது நன்றாக வேரூன்றிவிட்டது. அமெரிக்காவில் ஹெலிகாப்டர் செய்த சார்லஸ் காமன், 1966-இல் ஓவேஷன் கிட்டாருக்கு, இழையும் ரெசினும் சேர்ந்த கூட்டுப்பொருளில் குடம் செய்தார். 1976-இல் வந்த அவருடைய அடமாஸ் கிட்டாருக்கு முகப்பே கார்பன். பாஸ்டன் சிம்பொனியில் செல்லோ வாசித்த லூயி லெகுவியா, பாய்மரப் படகு ஓட்டும்போது படகின் ஓட்டில் அலை மோதும் ஓசையைக் கேட்டு, ஏன் இதில் செல்லோ செய்யக்கூடாது என்று கிளம்பினார். அவருடைய லூயிஸ் அண்ட் கிளார்க் செல்லோவை யோ யோ மாவும் வைத்திருக்கிறார். பின்லாந்தில் கார்பன் புல்லாங்குழல் செய்தார்கள். பியானோவின் நாதப் பலகையைக்கூடக் கார்பனில் செய்கிறார்கள்.

நம் வாத்தியங்களில்தான் கற்பனைக்கு நிறைய இடம் மிச்சமிருக்கிறது.

சத்தம் மரம் மாதிரி இருக்குமா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். எந்த வாத்தியம் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. தந்தி வாத்தியம், தோல் வாத்தியம், காற்று வாத்தியம் மூன்றிலும் உடலின் பங்கு வேறு வேறு.

தந்தி வாத்தியத்தில் உடல்தான் பாதிப் பாட்டு. கம்பி மெல்லியது, தானாகக் காற்றைத் தள்ளும் பரப்பு அதற்கு இல்லை. கம்பியைத் தாங்கும் குதிரை வழியாகப் பலகைக்கு அதிர்வு போய், பலகைதான் காற்றை அசைக்கிறது. நல்ல பலகை விறைப்பாகவும் இருக்க வேண்டும், லேசாகவும் இருக்க வேண்டும். ஸ்புரூஸ் மரத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.4 கிராமை ஒட்டி. கார்பன் பலகை 1.6. விறைப்பு பல மடங்கு கூடுதல்தான், ஆனால் எடையும் நாலு மடங்கு. கணக்குப் போட்டால், கெட்டியான கார்பன் பலகை ஒலியைப் பரப்புவதில் ஸ்புரூஸிடம் தோற்கும். இதற்கு வைத்தியம் உண்டு: இரண்டு மெல்லிய கார்பன் படலங்களுக்கு நடுவே பால்சா மரமோ நுரைப் பலகையோ வைத்து ஒட்டுவது. விறைப்பு நிற்கும், எடை இறங்கும்.

இன்னொன்று, அதிர்வு அடங்கும் விதம். மரம் உச்ச ஒலிகளை வேகமாகத் தின்றுவிடும். நாம் இனிமை என்று சொல்வதில் பாதி அதுதான். கார்பன் அவ்வளவு தின்னாது. அதனால் கார்பன் கிட்டாரை முதல்முறை கேட்பவர்கள் கணீரென்று இருக்கிறது, கொஞ்சம் கூராகவும் இருக்கிறது என்பார்கள். கார்பன் அடுக்குகளுக்கு நடுவே ஆளி நார் துணியைக் கலந்து இந்தக் கூர்மையைக் குறைக்கலாம். நம் ஊரில் சணலையும் முயன்று பார்க்கலாம். இந்த வேலைக்குக் கருவி தேவையில்லை, நல்ல காது வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் தட்டிக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

மிருதங்கம், தவில், பம்பையில் மரத்தை மாற்றினால் நாதம் போய்விடாதா?

இதற்குப் பதில் சொல்ல சர் சி. வி. ராமன்தான் எனக்குத் துணை. சாதாரண முரசுத் தோலை அடித்தால் வரும் துணை ஒலிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அதனால்தான் பல முரசுகளில் சுருதி தெளிவாகக் கேட்பதில்லை. மிருதங்கத்தின் வலது பக்கத் தோலான வலந்தலையில் மட்டும் துணை ஒலிகள் தந்தியில் வருவதுபோல் ஒழுங்காக வருகின்றன. ராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் நேச்சர் இதழில் இதை எழுதினார்கள். காரணம் தோலின் நடுவே ஏற்றும் கரணை. அந்தக் கருப்பு மருந்தின் எடைதான் தோலின் அதிர்வை ஒழுங்குபடுத்துகிறது.

அப்படியென்றால் மிருதங்கத்தின் உயிர் மூட்டில், அதாவது வாயில் கட்டும் தோல் அமைப்பில் இருக்கிறது, கட்டைக்கு வேலை இரண்டாவதுதான். கட்டை தோலை விறைப்பாகத் தாங்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்றுக்குச் சரியான வடிவம் தர வேண்டும். தானாக எங்கும் கிடுகிடுவென்று ஆடக்கூடாது. மூன்றையும் கார்பன் செய்யும். நல்ல பலாக் கட்டையின் கனத்தால் வரும் ஆழம் எனக்கும் பிடிக்கும். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தோலும் மூட்டும் மருந்தும் அப்படியே இருக்கும் வரை, கட்டை மாறியதால் மிருதங்கம் மிருதங்கமாக இல்லாமல் போகாது.

பம்பையிலும் தவிலிலும் ஏன் தொடங்கச் சொல்கிறீர்கள்?

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள் வருகிறது. அக்னி நட்சத்திரம் நடுவில் இருக்கும் நேரம். வேலூரில் 40 டிகிரி தாண்டுவது அப்போது சாதாரணம். அந்தத் தெருக்களில் பம்பை கட்டியவரைக் கவனியுங்கள். துண்டை இடுப்பில் மடித்துச் சுற்றி, அதன்மேல் கயிறு. கயிறு பதிந்த இடத்தில் தோல் கருத்துத் தடித்திருக்கும். பம்பை ஒன்றல்ல, இரண்டு உருளை சேர்த்துக் கட்டியது. குனிய முடியாது, உட்காரவும் முடியாது, ஊர்வலம் நிற்கும் வரை நிற்க வேண்டும். தவில்காரருக்குத் தோள்வார். தவிலில் இரும்பு வளையமும் நட்டு போல்ட்டும் வந்த பிறகு தோலை இழுத்துக் கட்டுவது சுலபமாயிற்று, எடை மட்டும் ஏறிவிட்டது. இவர்களுடைய முதுகையும் இடுப்பையும் பற்றி யாரும் ஆராய்ச்சி செய்ய வரவில்லை. அது எனக்கு வருத்தம்.

இப்போது கணக்கு. 15 மில்லிமீட்டர் கனமுள்ள பலாச் சுவர், அடர்த்தி 0.6 என்று வைத்தால், ஒரு சதுர மீட்டருக்கு 9 கிலோ. 3 மில்லிமீட்டர் கார்பன் சுவர் 4.8 கிலோ. கட்டையின் எடை பாதிக்குப் பக்கமாக இறங்குகிறது. நடுவே நுரை வைத்தால் இன்னும் இறங்கும்.

நான் மனதில் வைத்திருக்கும் வடிவம் இது. உருளைச் சுவர் கார்பன், துணியை 45 டிகிரி சாய்த்து அடுக்கியது. இரண்டு வாயிலும் மட்டும் பலா மரத்தில் ஒரு வளையம் கடைந்து ஒட்ட வேண்டும். தோல் உட்காரும் விளிம்பு மரமாக இருந்தால், வாத்தியக்காரர் பழகிய கைக்கே அது கிடைக்கும். தோல் வேலை செய்பவர் அரம் போட்டுத் தன் விருப்பப்படி உருட்டிக்கொள்ளலாம். கார்பன் விளிம்பை அப்படி ராவ முடியாது, நார் பிரியும். போல்ட் இறுக்கும்போது கட்டை நீளவாக்கில் நசுங்கப் பார்க்கும் என்பதால் வாய்ப் பக்கம் அடுக்குகளைக் கூட்ட வேண்டும். உள்ளே கடைசியாக ஒரு சணல் துணி அடுக்கு. கார்பன் சுவரின் வழவழப்பில் வரும் அந்தக் கூரான எதிரொலி அதில் அடங்கும்.

அம்மன் கோயிலில் இதை ஏற்றுக்கொள்வார்களா?

பம்பை இணையில் ஒன்று மரம், மற்றது வெண்கலம் அல்லது பித்தளை. இரண்டு பொருளை ஒரே இடுப்பில் கட்டித்தான் பம்பைக்காரர் வர்ணித்து அம்மனை அழைக்கிறார். தவிலில் வார் போய் இரும்பு வளையம் வந்ததையும் கோயில்கள் ஏற்றுக்கொண்டன. பூசை போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து எடுக்கும் வாத்தியம் எதனால் ஆனது என்பதை அந்தந்த ஊர்ப் பெரியவர்களும் வாத்தியக்காரர்களும் பேசி முடிவு செய்யட்டும். பட்டறைக்காரன் அதில் தலையிடக் கூடாது.

வேலூர் வெயிலைக் கார்பன் தாங்குமா?

இழை தாங்கும். ரெசின்தான் பிரச்சினை.

எபாக்சிக்கு ஒரு வெப்பநிலை உண்டு; அதைத் தாண்டினால் கண்ணாடிபோல் விறைத்திருந்தது ரப்பர்போல் தளரும். அறை வெப்பத்திலேயே இறுகவிட்ட ரெசினில் இது 50, 60 டிகிரி அளவிலேயே வந்துவிடலாம். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சுலபமாக வரும். கருப்புப் பரப்பு நேர் வெயிலில் இன்னும் சுடும். கூத்து முடிந்து வேனில் போட்டுவைத்த வாத்தியம், கம்பி இழுவையில் மெல்ல வளைந்துவிடும்.

ஆகவே எங்கே செய்யக் கொடுத்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: அச்சிலிருந்து எடுத்த பிறகு அடுப்பில் வைத்து மறுபடி சூடேற்றினீர்களா? அப்படிப் பதப்படுத்திய, அதற்கேற்ற ரெசின் 100 டிகிரிக்கு மேலும் நிற்கும். மேலே வெளிர் நிறப் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். சூடும் குறையும், வெயிலில் ரெசின் மஞ்சளித்து உதிர்வதும் குறையும். கருப்புப் பின்னல் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் மாலைக் கச்சேரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பறைக்குக் கார்பன் சட்டம் போடலாமா?

வேண்டாம். தோல் பறையை நெருப்பில் காட்டித்தான் ஏற்றுகிறோம். எபாக்சிச் சட்டம் அந்தத் தீயில் கெடும், புகையும் நல்லதில்லை. செயற்கைத் தோல் போட்ட பறை என்றால் நெருப்பு தேவையில்லை, அதற்கு யோசிக்கலாம். ஆனால் பறைச் சட்டம் ஏற்கெனவே லேசானது. இதில் கார்பனுக்கு வேலையில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று இவ்வளவு தோல் தொழில் இருக்கிறதே, வாத்தியத் தோலையும் இங்கேயே எடுக்கலாமே?

பெரிய தோல் தொழிற்சாலைகளில் குரோம் பதனிட்டு வரும் தோல் செருப்புக்கும் பைக்கும் உரியது. மெத்தென்று மடங்க வேண்டும் என்றுதான் அதைப் பதனிடுகிறார்கள். வாத்தியத்துக்கு நேர் எதிர்: பதனிடாத பச்சைத் தோல், ஊறவைத்து இழுத்துக் கட்டி, காய்ந்து விறைக்க வேண்டும். ஒரே ஆட்டுத் தோல்தான், ஆனால் குரோம் தொட்டிக்குள் போய்விட்டால் மூட்டுக்கு ஆகாது. மூட்டு அடிப்பவர்கள் பதனிடும் முன்பே தோலைப் பார்த்து எடுக்கிறார்கள். அந்தத் தேர்வை இயந்திரத்திடம் விட முடியாது.

கார்பனில் செய்தால் சுருதி அசையாமல் நிற்குமா?

ஈரத்தால் வரும் அசைவு போய்விடும். மரம் ஐப்பசி, கார்த்திகை மழையில் நீரை உறிஞ்சிப் பருக்கும், கோடையில் காய்ந்து சுருங்கும். கார்பன் பலகை அப்படி ஈரம் குடிக்காது. இழை ஓடும் திசையில் வெப்பத்தாலும் கிட்டத்தட்ட நீளாது.

சூட்டால் வரும் அசைவு வேறு விஷயம், இதில் பலரும் ஏமாந்துபோகிறார்கள். எஃகுக் கம்பி ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் சுமார் 12 மைக்ரான் நீளும். 10 டிகிரி ஏறினால் காதுக்குத் தெரியும்படி சுருதி இறங்கும். வீணையில் கம்பி ஓடும் நீண்ட கழுத்தான தண்டி மரமானால், அதாவது கம்பியோடு சேர்ந்து கொஞ்சம் நீளும். கார்பன் தண்டி நீளவே நீளாது, எனவே வெயிலில் சுருதி இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இறங்கும். காலையில் கூட்டிய வீணையை மதியம் மறுபடி கூட்டத்தான் வேண்டும்.

தோல் வாத்தியத்தில் கட்டை எதுவானாலும் தோல் ஈரத்தில் தொய்யும். மழை நாளில் பம்பைக்காரருக்குக் கார்பன் தரும் உதவி எடையில் மட்டும்தான்.

நாதஸ்வரம்?

எனக்கு ஆவல் அதிகமுள்ள வாத்தியம் இது.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் ஆச்சா மரத்தில் கடைகிறார்கள்; நல்ல ஆச்சா கிடைப்பது அரிது, பழைய வீடு இடித்த மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். காற்று வாத்தியத்தில் ஒலிப்பது குழலுக்குள் இருக்கும் காற்றுதான். சுவர் விறைப்பாக, உள்ளே வழவழப்பாக, காற்றுக் கசியாமல் இருந்தால் அது எதனாலானது என்பது ஒலியில் அதிகம் தெரியாது. ஜான் கோல்ட்மன் 1971-இல் வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் ஒரே அளவில் புல்லாங்குழல் செய்து வாசிக்கச் சொன்னார். பார்க்காமல் கேட்டவர்களால் எது எது என்று பிரிக்க முடியவில்லை. உள்துளையின் சரிவும், துளைகளின் இடமும், அவற்றின் விளிம்பும்தான் நாதத்தைத் தீர்மானிக்கின்றன. அதற்கும் மேலே, வாயில் வைத்து ஊதும் சீவாளி. நாணலில் செய்யும் சீவாளிக்குப் பதில் சொல்லக் கார்பனிடம் ஒன்றும் இல்லை.

செய்வதற்கும் நாதஸ்வரம் ஏற்ற வடிவம். உள்ளே கூம்பு. தூண்டில் கம்பு செய்வதுபோல், கடைந்து மெருகேற்றிய இரும்புக் கூம்பின்மேல் கார்பன் துணியைச் சுற்றி, சூடேற்றி இறுகவிட்டு, கூம்பை அகன்ற பக்கமாக உருவினால் உள்துளை தயார். கூம்பு கடைவதில்தான் எல்லாம் இருக்கிறது, நல்ல பழைய நாதஸ்வரத்தின் உள்ளளவை அங்குலம் அங்குலமாக எடுத்து அதன்படி கடைய வேண்டும். விரல் துளைகள் ஏழும், கீழே சுருதி சரிசெய்ய மெழுகு வைத்து அடைக்கும் துளைகளும் போடும்போது நார் பிரியாமல் பார்க்க வேண்டும். துளைத்த விளிம்பில் ரெசின் தடவி, காய்ந்ததும் நைஸ் தாளில் உருட்ட வேண்டும். கார்பன் தூசி மூச்சுக்கும் தோலுக்கும் கெடுதி, முகமூடி இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். அடியில் விரிந்திருக்கும் அணசை மரத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும். காற்று சூடானால் ஒலி வேகமாகப் போகும். 25 டிகிரியிலிருந்து 40-க்கு ஏறினால் குழலுக்குள் சுருதி அரைச் சுரத்தில் கிட்டத்தட்டப் பாதி அளவு ஏறக்கூடும். வாசிப்பவரின் மூச்சுச் சூடு அதில் ஒரு பங்கைச் சமன் செய்யும். மரமானாலும் கார்பனானாலும் இந்த ஏற்றம் உண்டு.

என் மகள் வீணை கற்கிறாள். சத்துவாச்சாரியிலிருந்து பஸ்ஸில் தூக்கிப் போவது சிரமம். கார்பன் வீணை வருமா?

வந்தால் நானே முதலில் மகிழ்வேன். ஆனால் வீணையில் அவசரப்படக் கூடாது.

தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்வது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையைக் கேட்டால், குடமும் தண்டியும் ஒன்றாக மூச்சு விடுவது தெரியும். கார்பனில் ஒரே அச்சில் குடத்தையும் தண்டியையும் வார்க்கலாம். ஒட்டு இல்லாத வீணை எல்லாருக்கும் கிடைக்கும். கமகத்துக்குக் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது தண்டி நெளியாது. இவை நல்ல செய்திகள்.

சிக்கல் மூன்று. முதலாவது, வீணையின் கனம்தான் அதை மடியில் நிறுத்துகிறது; ரொம்ப லேசாகிவிட்டால் இழுக்கும்போது வீணையே கூட வரும். இரண்டாவது, மேல் பலகை. அதில் முதலில் கார்பன் வேண்டாம், பலாப் பலகையே இருக்கட்டும், குடமும் தண்டியும் மட்டும் மாறட்டும் என்பேன். மூன்றாவது, சுரத்துக்குச் சுரம் கம்பியை அழுத்தும் 24 மெட்டும் உட்கார்ந்திருக்கும் மெழுகு. கோடையில் அது இளகி மெட்டு நகர்வது நம் ஊர் வீணைக்காரர்கள் எல்லாரும் பட்ட பாடு. கார்பன் தண்டியில் மெட்டுகளை நிரந்தரமாகப் பதித்துவிடலாமே என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மெட்டு வைப்பவர் ஒவ்வொரு சுரத்தையும் காதால் கேட்டு, மெழுகைச் சூடாக்கி மயிரிழை தள்ளி வைக்கிறார். கம்பி மாறினால், வாசிப்பவர் மாறினால், அதுவும் மாற வேண்டும். மெழுகு இருக்கட்டும், கொஞ்சம் கூடுதல் சூடு தாங்கும் மெழுகுக் கலவையைத் தேடுவதே சரி.

இப்போதைக்கு உங்கள் மகளுக்கு என் யோசனை: பிரித்து மாட்டும் பயண வீணையை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வீட்டில் பலா வீணை, பஸ்ஸுக்கு அது.

வயலின் மாணவருக்கு இன்றைக்கே பயன்படக்கூடியது ஏதாவது?

வில். கார்பன் வில் கடைகளில் கிடைக்கிறது, தொடங்குபவர் கைக்கு மலிவான மர வில்லைவிட எவ்வளவோ மேல். வெயிலில் வளையாது. உயர்ந்த வில்லுக்குரிய பெர்னாம்புகோ பிரேசில் நாட்டு மரம், அழிந்துவருவதால் 2007 முதல் உலக வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எனவே மனசாட்சிக்கும் நல்லது.

கடம், புல்லாங்குழல்?

கடம் மண். மானாமதுரை மண்ணும் சூளையும் தட்டும் கையும் சேர்ந்தது அது. அதற்கு மாற்று தேட வேண்டாம். மூங்கில் புல்லாங்குழல் லேசானது, மலிவானது. கோடையில் விரிசல் விடும்தான், நூல் சுற்றி எண்ணெய் பூசி வைத்துக்கொள்ளலாம்.

விரிசல் விட்டால் யார் சரிசெய்வார்கள்?

மரத்தில் விரிசல் கண்ணுக்குத் தெரியும், தச்சர் கட்டை செருகி ஒட்டிவிடுவார். கார்பனில் மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். கண்டுபிடிக்க விமானத் தொழிலில்கூட இன்றும் செய்யும் எளிய சோதனை, நாணயத்தால் தட்டிக்கொண்டே போவது. நல்ல இடத்தில் டக்கென்று கேட்கும், பிரிந்த இடத்தில் மொத்தென்று. இந்தச் சோதனையை எந்தப் பொறியாளரைவிடவும் ஒரு மிருதங்கக்காரர் நன்றாகச் செய்வார். கெட்ட பகுதியைப் படிப்படியாகச் சரித்து ராவி, புதுத் துணி அடுக்கி ஒட்டலாம். நல்ல ஃபைபர் பட்டறை எதுவும் செய்யும்.

மரம் வெட்டாமல் இருப்பதால் இது இயற்கைக்கு நல்லதுதானே?

அப்படிப் பொதுவாகச் சொல்ல முடியாது. கார்பன் இழை செய்ய மின்சாரமும் சூடும் ஏராளமாகச் செலவாகிறது. இறுகிய எபாக்சியை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. பலா நட்டால் வளரும், பழம் தரும், கடைசியில் வாத்தியமாகும். பெர்னாம்புகோ, நல்ல ஆச்சா போன்ற அரிய மரங்களுக்கு மட்டும் இந்த வாதம் நிற்கும். பம்பைக்குக் கார்பன் கேட்பது இயற்கைக்காக இல்லை, மனித முதுகுக்காக.

வாத்தியம் செய்பவர்களின் பிழைப்பு போய்விடாதா?

கட்டை கடைபவருக்குப் பாதிப்பு வரலாம், அதை மறைக்கக் கூடாது. அதனால்தான் வாய் வளையம், மேல் பலகை, அணசு எல்லாம் மரமாகவே இருக்க வேண்டும் என்கிறேன். அச்சு எடுக்கும் முதல் கட்டையை அவர் கடைய வேண்டும், அந்த அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அவருக்குப் பங்கு போக வேண்டும். தோல் வேலை செய்பவருக்கு வேலை குறையாது. மேடையில் வாசிப்பவர் பெயரைச் சொல்கிறார்கள். மூட்டு அடித்தவர் பெயரையும் சொல்லும் பழக்கத்தை இந்த வாத்தியங்களோடாவது தொடங்கலாம். வாத்தியத்தின் உள்ளே, ரெசின் இறுகுவதற்கு முன், இருவர் பெயரையும் தாளில் எழுதிப் பதித்துவிட்டால் காலத்துக்கும் நிற்கும்.

எங்கள் செட்டில் ஒரு பழைய பம்பை இருக்கிறது. அதிலிருந்து அச்சு எடுக்கலாமா?

தாராளமாக. ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில் வேலை இருக்கும், ஆவணிக்கு மேல் எடுப்பதே வசதி. தோலையும் வளையத்தையும் மூட்டு அடிப்பவரே கழற்ற வேண்டும். அவசரத்தில் கத்தி போட்டால் வாய் விளிம்பு கெடும், அச்சில் அது அப்படியே விழும். கட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துடைத்துக் காயவிட்டு, விரிசல்களை மெழுகால் நிரப்பி, அதன்மேல் அச்சு பிரியும் மெழுகைப் பல முறை தடவித் தேய்க்க வேண்டும். நடு வயிறு புடைத்த கட்டையானால் அச்சு இரண்டு பாதியாக வரும். கட்டைக்கு ஒன்றும் ஆகாது, திரும்பத் தோல் கட்டி மார்கழிக்குள் வாசிக்கலாம். கழற்றும் முன் இரண்டு பக்கத்தையும் அடித்து போனில் பதிவு செய்து வையுங்கள். கார்பன் பம்பை வந்ததும் அதே கை, அதே தோல் ரகத்தில் அடித்து ஒப்பிட அது வேண்டும்.